ஆற்றின் மேல் பறந்ததும் நம் தொட்டியில் பிறந்ததும்

எய்யா,

நீ கனடாவுக்குக் கிளம்பும் முன் சபையில் வைக்கிற ஸ்தோத்திரக் கூட்டத்தில் நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லீனாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நீயாக வந்து கேட்கவில்லை. கேட்க முடியாது என்று உனக்கே தெரியும். "அத்தை, பெருசா ஒண்ணும் பேச வேண்டாம், ஆசீர்வாதம் பண்ணினா போதும்" என்று பாவம், உன் மனைவி வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனாள். நான் வரமாட்டேன். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; இதைத்தான் கொடுக்கப் போகிறேன், அச்சாகும் முன்னாலேயே உனக்கும் ஒரு பிரதி வந்துவிடும். உன் பெயரையோ உங்கள் குடியிருப்பு சொசைட்டியின் பெயரையோ இதில் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் யாரோ ஒருத்தி தன் மகனைத் திட்டுகிறாள் என்று படித்துவிட்டுப் போகட்டும். நீ என்னை எல்லார் முன்னாலும் உட்காரச் சொன்னவன். நானும் எல்லார் முன்னாலும் பதில் சொல்வதுதான் முறை.

அப்பா இறந்த பிறகு கட்கி பஜாரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, போபோடியில் ஆற்றங்கரையில் இருக்கும் உன் ஆறாம் மாடி வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் நின்றால் முளா தெரியும். ஆறு என்று சொல்வது பழக்கதோஷம். மழை மாதங்களைத் தள்ளிவிட்டால் அது ஊர் கழுவிய தண்ணீர். மேலே ஆகாயத் தாமரை பச்சைக் கம்பளம் மாதிரி மூடிக் கிடக்கும். உங்கள் சுற்றுச்சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே தகரக்கூரை வீடுகள் ஒரு வரிசை. அதில் ஒன்றில்தான் சுனந்தாவும் அவள் புருஷன் விட்டலும் இருந்தார்கள். சுனந்தா காலையில் வந்து நமக்குச் சமைத்துவிட்டு, கீழே கார் நிறுத்தும் தளத்துக்கு மேலே நீ ஆசை ஆசையாக அமைத்த தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவாள். நான் டீச்சராக இருந்தவள் என்று தெரிந்த அன்றிலிருந்து என்னை 'பாயி' என்றுதான் கூப்பிட்டாள்; மராத்திக்காரர்கள் பள்ளிக்கூட டீச்சரை அப்படித்தானே கூப்பிடுவார்கள். "பாயி, உங்க புளிக்குழம்பை ஒரே ஒருதடவை செஞ்சு காட்டுங்க, அப்புறம் நீங்க கிச்சன் பக்கமே வர வேண்டாம்" என்றாள். அவளுக்கு ஒரே தடவைதான் தேவைப்பட்டது. நம் திருநெல்வேலிக் குழம்பை என் நாத்தனார்கள் இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதத்துக்கு வைப்பதில்லை.

அந்தத் தோட்டத்தில் உனக்கு எவ்வளவு பெருமை! பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் அல்லியும் தாமரையும் வைத்து, சுற்றிலும் கல் பெஞ்சு போட்டு, சொசைட்டிக்குச் செக்ரட்டரி ஆன முதல் வருஷத்தில் நீ செய்த காரியம் அது. தொட்டியில் நாலு மீனை விடச் சொன்னேன். மீன் இருந்தால் தண்ணீர் கலங்கும், போட்டோவில் அழகாக வராது என்றாய். காலையில் லீனா அங்கேதான் யோகா செய்வாள். சாயங்காலம் பிள்ளைகள் அங்கேதான் விளையாடும்.

போன வருஷம் மழை ஓயும் சமயத்தில் லீனாவுக்கு டெங்கு வந்தது. அவள் படுத்திருந்த நாட்களில் நீ எப்படி ஒடுங்கிப்போனாய் என்பதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் தலையை வைத்து அழுதாய். அவள் பிழைத்து வந்தாள். அதற்குள் கட்டிடத்தில் இன்னும் சில வீடுகளில் காய்ச்சல். யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போல உனக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஆற்றின் மேல் அந்தப் பூச்சிக்கூட்டம் எழும்பியது. புகை மாதிரி, தூண் மாதிரி, சுழன்று சுழன்று நம் பால்கனி உயரத்துக்கும் மேலே போயிற்று. நீ போனில் படம் எடுத்து சொசைட்டி குரூப்பில் போட்டாய். அரைமணி நேரத்தில் அது கட்டிடம் முழுக்க, பிறகு ஊர் முழுக்கச் சுற்றியது. 'கொசுப் புயல்' என்று பேர் வைத்தார்கள். "பாத்தியாம்மா? இதான் லீனாவைக் கடிச்சது. அந்த ஜோப்படிக்காரங்க ஆத்துல குப்பை போட்டுப் போட்டு வளக்குறாங்க" என்றாய். குடிசைக்கு நீங்கள் சொல்லும் வார்த்தை அது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது உன் முகம் ஒரு மாதிரி கோணியது. அதற்கு முன் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வலையில் அந்தப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. நான் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துச் சிலவற்றைப் பிடித்து, சாப்பாட்டு மேஜையில் விளக்கடியில் வைத்தேன். கொசு இல்லை. கொசுவின் உருவம்தான், கொசு இல்லை. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது. வகுப்பில் மிட்ஜ் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். கொசுவுக்கு ஊசி மாதிரி நீண்ட மூக்கு உண்டு. இதற்குக் கடிக்க வாயே இல்லை. கொசு உட்கார்ந்தால் பின்னங்காலைத் தூக்கும். இது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு உட்காரும். ஆணின் தலையில் இறகு வைத்தாற்போல் இரண்டு உணர்கொம்பு. ஆற்றடிச் சேற்றில் புழுவாகக் கிடந்து, சாக்கடை கலந்த தண்ணீரிலும் மூச்சுவிடத் தெரிந்து, கடைசியில் சிறகு முளைத்து, சில நாட்கள் பறந்து, ஜோடி சேர்ந்து செத்துப்போகிற ஜென்மம். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. அது இத்தனை பெருகியிருக்கிறது என்றால் ஆறு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஆற்றைக் கெடுத்ததில் தகரவீட்டுக் குப்பையைவிட இந்த ஊரின் மாடிவீட்டுச் சாக்கடைக்குப் பங்கு அதிகம்.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மா, மச்சர் மச்சர்தான். சோடோ" என்றாய். கொசு என்றால் கொசுதான், விடு என்று ஹிந்தியில்.

எய்யா, உனக்கு அது தெரியும். கட்கி வீட்டில் நீ மீன்தொட்டி வைத்திருந்த காலத்தில், மீனுக்கு வாங்கிய சிவப்புப் புழு மிச்சமாகி ஜாம் பாட்டிலில் கிடந்தது. கொட்டச் சொன்னால் கேட்கவில்லை. ஒருநாள் பார்த்தால் பாட்டில் முழுக்கப் பூச்சி. அந்தச் சிவப்புப் புழுதான் இந்தப் பூச்சியின் குழந்தைப் பருவம் என்று நான் சொன்னதும் பாட்டிலைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாய். வகுப்பில் எல்லாரும் கொசு, கொசு என்று அலற, நீ சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உள்ளே கையை விட்டு, "பாருங்க, கடிக்காது" என்று காட்டினாய். உன் டீச்சர் என்னிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்தக் கையும் மேஜைக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்த கையும் ஒன்றுதானே?

அப்படியானால் லீனாவைக் கடித்தது எது? அதைத்தான் நான் தேடினேன். டெங்கு கொண்டுவருகிற கொசு வேறு ஜாதி. காலில் வெள்ளை வளையம் போட்டிருக்கும். பகலில் கடிக்கும். கூட்டமாகப் பறந்து வேடிக்கை காட்டாது. மேஜைக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில் ஓசைப்படாமல் வந்து கணுக்காலில் உட்காரும். சாக்கடை அதற்கு ஆகாது. நல்ல தண்ணீர், அசையாத தண்ணீர், கொஞ்சம் நிழல் வேண்டும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகவும் போகாது. காய்ச்சல் வந்த வீடுகளை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் அந்தத் தோட்டத்தில் நடக்கிறவர்கள், விளையாடுகிறவர்கள். தகரவீட்டு வரிசையில் அதுவரை ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. சுனந்தாவிடம் கேட்டேன், அவள் வீடு வீடாகக் கேட்டு வந்து சொன்னாள். காலையில் நானும் அவளும் தோட்டத்துக்குப் போனோம். தாமரை இலையை அவள் தூக்கிப் பிடித்தாள். அடியில் தண்ணீர் துடித்தது. அத்தனை கொசுப் புழுக்கள். "ஐயோ பாயி, தினம் இதுக்குப் பக்கத்துலதான நின்னுட்டிருக்கேன்" என்றாள்.

அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். "அது ஃபில்டர் தண்ணிம்மா" என்றாய், அதுவே பதில் என்பதுபோல.

அதனால்தான் சொசைட்டி கூட்டத்துக்கு வந்தேன். உன்னை அவமானப்படுத்த வரவில்லை. இரண்டு மருந்து பாட்டிலில் இரண்டு பூச்சியையும் போட்டு, ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்து வந்தேன். நீ முன்னால் நின்று அந்த வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டி, ஆற்றங்கரை வரிசையை அகற்றினால்தான் நம் பிள்ளைகள் பிழைக்கும் என்று ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தாய். நன்றாகத்தான் பேசுகிறாய். நான் எழுந்து, "இந்தப் பூச்சி வேற, காய்ச்சல் கொண்டுவர்றது வேற, ரெண்டையும் எல்லாரும் ஒருதடவை பாருங்க" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். "மேடம், ப்ளீஸ் பைட்டியே. யே அஜெண்டா மே நஹீ ஹை" என்றாய். உட்காருங்கள், இது இன்றைய அஜெண்டாவில் இல்லை என்று.

மேடம். பெற்றவளை. யாரோ சிரித்தார்கள். நீயும் லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டால் நான் உனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடும் அல்லவா? பின்னால் டீ டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்ற சுனந்தாதான் வந்து என் கையிலிருந்த பாட்டில்களை வாங்கிக்கொண்டு, "வாங்க பாயி, உக்காருங்க" என்றாள். தன் வீட்டை இடிக்கச் சொல்லிக் கூட்டம் போடுகிற இடத்தில் அவள் எல்லாருக்கும் டீ கொடுத்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். முதல் நாள் காய்ச்சலோடு வந்து சமைத்தாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ கதவருகே நின்றுகொண்டு, "நல்லாயிட்டு வாங்க, அதுவரைக்கும் கட்டிடத்துக்குள்ள வர வேண்டாம்" என்றாய். அவளிடமிருந்து நமக்குத் தொற்றும் என்று பயந்தாய். நம்மிடமிருந்து எடுத்துப் போனதைத்தான் அவள் சுமந்துகொண்டு நின்றாள். அரசு ஆஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் போனபோது விட்டல் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "பாயி, பிரிட்ஜில புளி கரைச்சு வெச்சேன், வீணாப் போயிடும்" என்றாள். நான் அவளிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை அது. மறுபடி போனபோது அந்தப் பாயில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

இதுவரை நடந்தது எல்லாவற்றையும் நான் உனக்கு மன்னித்திருப்பேன். பயம் மனிதனைக் குருடாக்கும், நீ பயந்துபோயிருந்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகக் கிளம்பிக் கீழே வந்தேன். தோட்டத்தில் நீ மட்டும் நின்றாய். பேண்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தாய். தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தாய். வேர் பிடுங்கிய தாமரைகள் ஒரு கோணிப்பையில். காவலாளியைக்கூடக் கூப்பிடவில்லை. சுனந்தா செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றேன்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. "சும்மா க்ளீன் பண்ணுறேன்."

"எய்யா, எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லு. தொட்டியிலதான் இருந்துச்சு, கொட்டிட்டேன்னு சொல்லு. அது போதும். அந்த மனுசங்க வீடு தப்பிக்கும்."

"அம்மா, இப்ப நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? லீனா படுத்ததுக்கும் நான்தான் காரணம்னு ஆயிடும். அந்தம்மா செத்ததுக்கும் நான்தான்னு ஆயிடும். என்னால முடியாது. நீ கோவிலுக்குப் போ."

அன்று நான் கோவிலுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உன் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபாக்டரியில் ஒரு தடவை பெட்டிகளில் லேபிள் மாறி ஒட்டப்பட்டுவிட்டது. யார் ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவரோடு வேலை பார்த்த புதுப் பையன்மேல் பழி விழ இருந்தது. அவிய போய், "நான்தான் ஒட்டினேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சூப்பர்வைசர் ஆகியிருக்க வேண்டியவர், அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. நீ இந்தக் கதையை உன் நண்பர்களிடம், அப்பா எவ்வளவு அப்பாவி என்பதற்கு உதாரணமாகச் சொல்வாய். அவர் அப்பாவி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். என்ன இழந்தோம் என்று தெரிந்துதான் சொன்னார்.

நீ அதற்குப் பிறகு செய்ததுதான் என்னை உன் வீட்டைவிட்டு வெளியேற்றியது. கேமராவோடு வந்தவர்களிடம் சுற்றுச்சுவர்மேல் கையை ஊன்றி நின்று பேசினாய். "எங்க வீட்டுல சமைச்ச அம்மாவே அந்த வரிசையில இருந்து டெங்குல செத்துப்போனாங்க. தண்ணி டிரம்மைத் திறந்து போட்டு வெக்கிறாங்க. அவங்களைக் காப்பாத்தவும்தான் கேக்கிறோம்" என்றாய். சுனந்தாவின் சாவையே சாட்சிக்குக் கூப்பிட்டாய். குளிர் தொடங்கும் முன் இடிக்கிற இயந்திரம் வந்தது. விட்டல் அவள் காரியத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். வீட்டுச் சாமானை எடுத்து வைக்க ஆளில்லை. அவள் பாத்திரங்கள் தகரத்துக்கு அடியில் நசுங்குகிற சத்தம் ஆறாம் மாடிக்கு நன்றாகவே கேட்டது. நீ ஆபீசில் இருந்தாய். அன்று சாயங்காலமே நான் பெட்டியைக் கட்டினேன். அம்மாவுக்கு லிஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் கட்கிக்குப் போய்விட்டாள் என்று நீ எல்லாரிடமும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லிக்கொள். காலியான கரையில் நீங்கள் வரிசையாக விளக்கு வைத்தீர்கள். ஆற்றுப்பூச்சிக்கு வெளிச்சம் என்றால் உயிர். இந்த வருஷம் முன்னைவிட அதிகமாக வந்து உங்கள் கண்ணாடிகளில் அப்பிக் கிடக்கிறது என்று லீனா சொன்னாள். இப்போது யாரைக் கிளப்பச் சொல்லப் போகிறார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

போகிற இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாய் சொல்லி அனுப்புவது வழக்கம். கம்பளி எடுத்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே என்பதெல்லாம் லீனா பார்த்துக்கொள்வாள். நான் சொல்வது ஒன்றுதான். அங்கே நீ வெளியூர்க்காரன். ஏதாவது ஒரு வருஷம் ஏதாவது ஒரு நோய் வரும்; யாராவது ஒருவன் நல்ல ஆங்கிலத்தில், உன் தெருவைக் கைகாட்டி, இவர்களிடமிருந்துதான் வருகிறது என்பான். அவன் கெட்டவனாக இருக்கமாட்டான். அவனும் தன் பெண்டாட்டி பிள்ளைக்காகப் பயந்தவனாகத்தான் இருப்பான். அன்றைக்கு உனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்படி ஒருநாள் வந்தால்தான் உனக்குப் புரியும் என்று நினைக்கிறபோது, வரட்டும் என்றும் தோன்றுகிறது. பெற்ற மனசு இப்படியும் நினைக்குமா என்றால், நினைக்கிறது.

போன வாரம் விட்டலைப் பார்க்கப் போனேன். கட்கியில் பஸ் ஏறி, நிகடியில் மாறி, சிக்கலியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒற்றை அறை. மேஜைமேல் சுனந்தாவின் போட்டோ. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். மூலையில் ஒரு நீல டிரம் இருந்தது. அதன்மேல் தட்டு, தட்டின்மேல் துணி, துணியைச் சுற்றிக் கயிறு. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"சாஹேப் டிவியில சொன்னது சரிதான், பாயி" என்றார் மராத்தியில். "டிரம்முக்கு மூடி போடுங்க, மூடி போடுங்கன்னு அவ சொல்லிட்டே இருந்தா. நான் போடல. எங்க வீட்டு டிரம்தான் அவளைக் கொன்னுடுச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

நான் சொன்னேன், எய்யா. எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் நிரம்பித் தினமும் காலியாகிற டிரம்மில் கொசு வளராது, முட்டை கொசுவாக ஒரு வாரமாவது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொன்னேன். தாமரைத் தொட்டியைச் சொன்னேன். அவள் இலையைத் தூக்கிக் காட்டியதைச் சொன்னேன். நீ கொட்டியதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் கையைத் தொட்டு, "நீங்க நல்ல மனசுக்காரங்க. என் கஷ்டத்தைப் பாத்து இப்படிச் சொல்லுறீங்க. அதுக்காக உங்க மகன்மேல பழி போடாதீங்க பாயி, அவர் படிச்சவர், அவருக்குத் தெரியாதா?" என்றார்.

என் வார்த்தை அவரிடம் எடுபடவில்லை. உன் வார்த்தை எடுபடும். உன்னைத்தான் அவர் நம்புகிறார். நீ சொசைட்டிக்காரர்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், கேமராவுக்கு முன்னால் சொல்ல வேண்டாம், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு மனிதரிடம் போய்ச் சொல். உன் விமானம் சனிக்கிழமைதான். வியாழக்கிழமை பட்டறைக்கு வார விடுமுறை, அவர் வீட்டில்தான் இருப்பார்.

அம்மா